ரகசியத்தைக் காத்துக் கொடுத்த போட்டியாளர்

1886இல் அட்லாண்டாவில் பிறந்த கோக்கோ கோலா, தன் செய்முறைக்குக் காப்புரிமை தேடவில்லை. காப்புரிமை கேட்டால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். காலக்கெடு முடிந்ததும் அது ஊருக்கே பொதுச்சொத்து. 1977இல் இந்திய அரசு பெரும்பங்கையும் தொழில்நுட்பத்தையும் இந்தியர்களிடம் ஒப்படைக்கச் சொன்னபோது, அந்நிறுவனம் சந்தையையே விட்டு வெளியேறியது. திரும்பியது 1993இல்தான்.

இவ்வளவு கட்டிக்காத்த வீட்டிலும் திருட்டு நடந்தது. 2006 மே மாதம், கோக்கோ கோலாவின் ரகசியங்கள் விற்பனைக்கு என்று பெப்சிக்கு ஒரு கடிதம் வந்தது. பெப்சி அதைக் கோக்கோ கோலாவிடமே கொடுத்துவிட்டது. நேர்மை ஒருபுறம் இருக்க, திருட்டு ரகசியத்தைத் தெரிந்தே வாங்குவதும் 1996ஆம் ஆண்டுப் பொருளாதார உளவுச் சட்டப்படி குற்றமாகும். வாங்குபவராக நடித்த எஃப்பிஐ அதிகாரி, அட்லாண்டா விமான நிலையத்தில் பிஸ்கட் பெட்டிக்குள் 30,000 டாலர் வைத்துக் கொடுத்தார். கைக்கு வந்தவை ரகசிய ஆவணங்களும், இன்னும் சந்தைக்கு வராத பானத்தின் மாதிரியும்.

பூட்டை யாரும் உடைக்கவில்லை. தலைமையகச் செயலாளர் ஒருவரே கோப்புகளைத் தம் பையில் திணித்தது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. 2007இல் அவருக்கு 8 ஆண்டுச் சிறை; அரசுத் தரப்பு கேட்டதைவிட அது அதிகம். பெட்டகத்தில் இருந்த பழைய செய்முறையை எவரும் தொடவே இல்லை. களவு போனதெல்லாம் மேசைமேல் கிடந்தவை.