நெய்வேலி அனல்மின் நிலையங்களின் நீர்ச்சுற்றும் பராமரிப்பும்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களில் தண்ணீர் இரண்டு சுற்றாக ஓடுகிறது. முதல் சுற்று பாய்லரில் ஆவியாகி, டர்பைனைச் சுழற்றிவிட்டு, மறுபடி நீராகித் திரும்பும். இரண்டாவது, அந்த ஆவியைக் கண்டென்சரில் குளிரவைத்து, வாங்கிய சூட்டைக் கூலிங் டவரில் விட்டுவிட்டு வரும். இவ்விரண்டின் குழாய், பம்பு, வால்வுகளைக் காப்பதே இங்குள்ள பராமரிப்புப் பிரிவுகளின் தலையாய வேலை.

நெய்வேலியின் கதையே தண்ணீரோடு போராடிய கதைதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளாக இந்தப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1956 நவம்பர் 14-இல் சுரங்கத்தையும் மின்நிலையங்களையும் நடத்தும் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரிப்படுகைக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் ஊற்றுநீர் நிற்கிறது. இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஆகவே மண்ணை அகற்றுவதோடு நீரை இறைப்பதும் சேர்ந்தே நடந்தது. 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்டது. சுரங்கத்துக்குப் பகையாக இருந்து, இறைத்து வெளியேற்றப்பட்ட நீரே மின்நிலையத்துக்கு உயிராயிற்று.

சோவியத் ஒத்துழைப்பில் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 1970-க்குள் 600 மெகாவாட்டை எட்டியது. 50 மெகாவாட் அலகுகள் ஆறு, 100 மெகாவாட் அலகுகள் மூன்று. 1990-களில் ஆயுள்நீட்டிப்புப் பணி நடந்தது.

நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். அதனால் உலை பெரிதாக இருக்க வேண்டும். சாம்பலும் உலையின் சுவராக அமைந்த நீர்க்குழாய்களில் அப்பிக்கொள்ளும். பறக்கும் சாம்பல் உராய்ந்து குழாய் மெலிகிறது. ஷட்டவுன் காலத்தில் அல்ட்ராசோனிக் கருவியால் தடிமனை அளந்து, தேய்ந்ததை மாற்றுவார்கள். ஓடும்போது ஓட்டை விழுந்தால், பாய்லருக்கு ஊற்றும் நீரின் அளவு திடீரென்று கூடுவது ஒரு முக்கிய அடையாளம். பீறிடும் ஆவி பக்கத்துக் குழாயையும் அறுக்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது. அலகை நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளே சாரம் கட்டி, கெட்ட துண்டை வெட்டி எடுத்து, அதே ரக எஃகுத் துண்டைப் பற்றவைப்பார்கள். எக்ஸ்ரே, நீரழுத்தச் சோதனை இரண்டும் முடிந்த பிறகே மறுபடி தீ மூட்டலாம். ரகம் மாறிய குழாய் ஆளைக் கொல்லும். 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகள் உதிரிபாகத்துக்குச் சான்றிதழ் கேட்பது இதற்காகத்தான்.

கண்டென்சர் குழாயில் உப்புப் படிந்தால் வெற்றிடம் குறைந்து உற்பத்தி சரியும். படிவை பிரஷ் விட்டுத் தேய்ப்பார்கள். கசியும் குழாயை இருமுனையிலும் அடைப்பார்கள். பம்பின் தண்டு வெளிவரும் இடத்தில் உள்ள கிளாண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிய விட வேண்டும். சொட்டே இல்லாமல் முறுக்கினால் அதற்குள் அடைத்த பேக்கிங் கருகி, தண்டின் மேலுறையான ஸ்லீவ் தேயும். கூலிங் டவரில் நீரைத் தெளிக்கும் நாசில்கள் அடைபடாமலும் பாசி பிடிக்காமலும் பார்த்துக்கொள்வது வழக்கமான பணி.

1470 மெகாவாட் திறனுள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7-இலும் ஜூலை 1-இலும் பாய்லர் பகுதியில் நேர்ந்த விபத்துகள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்ளிட்ட பலரின் உயிரைப் பறித்தன. பராமரிப்பைப் பற்றி எழுதும் எவரும் இவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. முதல் நிலையம் அதே ஆண்டு மூடப்பட்டது. 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட புதிய நிலையம் இப்போது இயங்குகிறது.