திருப்பெண்ணாகடமும் மெய்கண்டாரும்

மெய்கண்டார் என்றவுடன் திருவெண்ணெய்நல்லூரே நினைவிற்கு வருதல் இயல்பு. அவர் ஞானோபதேசம் பெற்றதும் சிவஞானபோதம் அருளியதும் அவ்வூரிலாதலின் அது பொருந்துவதே. ஆயினும் 13-ஆம் நூற்றாண்டினராகிய அவர் தோன்றிய ஊர் வெள்ளாற்றை அடுத்த திருப்பெண்ணாகடம் என்பதனை நம்மவர் பெரிதும் எண்ணுவதில்லை.

இஃது இக்காலத்துக் கடலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. யானையின் பின்புறம்போல வளைந்த விமானமுடைமையின் இதன் திருக்கோயில் தூங்கானைமாடம் எனப்படும். நாவரசர் தம் தோளிற் சூலக்குறியும் இடபக்குறியும் வேண்டிப் பெற்றதும், கலிக்கம்ப நாயனார் அடியார் பூசையின் வழுவாது நின்றதும் இவ்வூரிலேயாம்.

இவ்வூர் வேளாளராகிய அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தனர். அவர் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்ப்பித்தபோது, ஞானசம்பந்தரது திருவெண்காட்டுப் பதிகத்துள் பிள்ளைப்பேறு கூறும் பாட்டு வந்தது. அவ்வாறே வெண்காடு சென்று முக்குளநீராடி வழிபட்டுப் பெற்ற மகவே சுவேதவனப்பெருமாள். பின்னர் மெய்கண்டார் ஆயினார். கயிறு சாத்துவித்த பண்டிதரே பிற்காலத்து அம்மகவின் மாணவராகி அருணந்தி சிவாசாரியர் ஆயினமை அன்பர் அறிவர்.

சாத்திரம் வேறு, தோத்திரம் வேறு என வழக்கிடுவோர் இவ்வரலாற்றை நினைந்திலர் போலும். சாத்திர முதல்வரை நமக்குத் தந்தது தேவாரத் திருவாக்கன்றோ!

கடந்தை என்பதும் இவ்வூர்ப் பெயரே. உமாபதி சிவாசாரியரின் ஆசிரியர் கடந்தை மறைஞானசம்பந்தர் எனப்படுதலும் இதுபற்றியேயாம்.