அச்சு நூலா, மின்னூலா? நூலகத்திற்கு இரண்டும் வேண்டும்

தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலரோ கோவில் கும்பாபிஷேக மலரோ உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறதா? தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்த பிறகு, அங்கே வாழ்ந்தவர்களின் பெயரும் படமும் பல வேளைகளில் அந்த மலரில் மட்டுமே மிஞ்சியிருக்கும். “எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே, பழைய புத்தகம் எதற்கு?” என்று அதைத் தூக்கிப் போடும் முன், நூலகங்கள் அச்சையும் மின்னூலையும் எப்படிக் கையாள்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

அச்சு நூல் நூலகத்தின் சொத்து

நூலகம் ஓர் அச்சு நூலை ஒருமுறை வாங்கினால் போதும். ஏடு கிழியும்வரை இரவல் தரலாம். படிப்பதற்கு மின்சாரமோ இணையமோ தேவையில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். தொலைவில் இருப்பவர் தேடி வரவேண்டும். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் காகிதத்திற்குப் பகை. பூஞ்சை, கறையான், பூச்சி எல்லாம் சேர்ந்து அரித்துவிடும். அமிலம் கலந்த மலிவுத் தாளில் அச்சான பழைய நூல்கள் பழுத்து, தொட்டாலே பொடியாகின்றன.

மின்னூல் பெரும்பாலும் வாடகை வீடு

நூலகச் செயலியில் நாம் இரவல் பெறும் மின்னூல்களுக்குப் பெரும்பாலும் நூலகம் உரிமையாளர் அல்ல; உரிமம்தான் பெற்றிருக்கிறது. ஓர் உரிமத்தை ஒரு நேரத்தில் ஒருவரே பயன்படுத்தலாம் என்பது பரவலான ஏற்பாடு. மின்னூலுக்கும் காத்திருப்போர் பட்டியல் இருப்பது அதனால்தான். குறிப்பிட்ட காலத்திற்குப் பின் காலாவதியாகும் உரிமங்களும் உண்டு. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், 26 முறை இரவல் போனதும் உரிமம் முடியும் என்று விதித்தது நூலகர்களிடையே பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் நூல் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

இருந்தாலும் மின்னூலின் பயன் பெரிது. நள்ளிரவிலும் இரவல் பெறலாம். கண்பார்வை குறைந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். நூலகம் அருகில் இல்லாதவர்களுக்கு அதுவே நூலகம்.

மின்னிலக்கப் படி என்பது வேறு

நூலகம் தன்னிடமுள்ள அச்சு நூலைத் தானே வருடி எடுத்து வைப்பது மூன்றாவது வகை. 2015இல், சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350 மின்னிலக்க வடிவம் பெற்றன. சமூகமும் தேசிய நூலக வாரியமும் கைகோத்துச் செய்த பணி அது. தமிழ் முரசின் பழைய இதழ்களையும் வாரியத்தின் இணையத் தொகுப்பில் தேடலாம்.

வருடிய பக்கம் முதலில் வெறும் படம்தான். அதில் ஒரு பெயரைத் தேட வேண்டுமானால் கணினி எழுத்துகளை அடையாளம் காண வேண்டும். மங்கிய அச்சிலும், சீர்திருத்தத்திற்கு முந்திய பழைய ‘லை’, ‘ணை’, ‘றா’ வடிவங்களிலும் அது தடுமாறும். மனிதர்கள்தான் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு மூல நூல் கையில் இருக்க வேண்டும். யுனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகளைத் திறந்தால் இன்று பல கணினிகளில் புரியாத குறிகளே தெரிகின்றன. காகிதத்தைக் கறையான் அரிப்பதைப்போல் கோப்பையும் காலம் அரிக்கிறது.

அச்சுப் படி மட்டும் இருப்பதிலும் ஆபத்து உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் சேர்ந்தே அழிந்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சு நூலின் 5 படிகளை வெளியீட்டாளர் தேசிய நூலகத்திடம் தரவேண்டும். சிங்கப்பூரில் 2 படிகள். அங்கே 2019 முதல் மின்வெளியீடுகளும் ஒப்படைப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆலய, பள்ளி, சங்க மலர்களை வெளியிடுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

* பழைய மலரை வீசும் முன் தேசிய நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் முதலில் நூலகத்தைத் தொடர்புகொண்டு பேசுங்கள்.
* வருடும்போது அங்குலத்திற்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் வையுங்கள். அட்டை, விளம்பரப் பக்கம், நன்கொடையாளர் பட்டியல் எதையும் விடாதீர்கள்.
* தோட்டத்தின் பெயர், மாநிலம், ஆண்டு, படத்தில் இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றைத் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.
* கோப்பை ஒரே கைப்பேசியில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள்.
* காப்புரிமையைக் கவனியுங்கள். எழுத்தாளர் மறைந்து மலேசியாவில் 50 ஆண்டும் சிங்கப்பூரில் 70 ஆண்டும் வரை அது பொதுவாக நீடிக்கும். அனுமதியின்றிப் புலனக் குழுக்களில் முழு நூலையும் பகிர வேண்டாம்.
* வருடிய பிறகும் மூலப் படியைக் காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

விற்பனையில் கிடைக்கும் நாவலை நூலகம் எந்த வடிவிலும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். சில நூறு படிகளே அச்சான தோட்டத்து மலரை மறுபடி வாங்க எந்தக் கடையும் இல்லை. அதற்குக் காகிதமும் வேண்டும், கோப்பும் வேண்டும். இந்த வாரமே அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.