சென்டாயில் ஒரு சீன மாணவர்

1904-ம் வருஷம் செப்டம்பர் மாதம், ஜப்பானின் வடகிழக்கிலுள்ள சென்டாய் பட்டணத்து வைத்தியப் பள்ளியில் ஒரு சீன வாலிபர் சேர்ந்தார். ஜோ ஷூரென் என்று பெயர். இருபத்து மூன்று வயது நிறைகிற சமயம். அந்தப் பள்ளியில் சீனர் அவர் ஒருவர்தான். பிற்காலத்தில் லூ சுன் என்ற புனைபெயரால் சீன இலக்கியத்தையே புரட்டிப் போடப்போகிறவர் இவர் என்பது அன்று யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது. ஷாவோசிங் என்ற ஊரில் நாட்டு வைத்தியர்களின் விசித்திரமான மருந்துகளைத் தேடி அலைந்தும் தகப்பனாரைக் காப்பாற்ற முடியாமல் போன பிள்ளை அவர். நல்ல டாக்டராகித் திரும்பி, தகப்பனாரைப் போல ஏமாந்தவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது, யுத்தம் வந்தால் ராணுவ டாக்டராகப் போவது என்பதுதான் அவர் போட்டிருந்த திட்டம்.

அந்தக் காலத்தில் சீன மாணவர்கள் ஜப்பானுக்கு ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். 1895-ல் தங்களைத் தோற்கடித்த நாட்டுக்கே பாடம் கேட்கப் போவது விந்தைதான். ஆனால் அடித்தவன் எப்படி அடித்தான் என்று தெரிந்துகொள்ள அவனிடமே போவதில் ஒரு நியாயமும் இருக்கிறது அல்லவா? லூ சுன் 1902-ல் போய், டோக்கியோவில் இரண்டு வருஷம் பாஷை படித்தார். 1903-ல் தலைப் பின்னலைக் கத்தரித்து எறிந்தார். மஞ்சு அரசாங்கம் ஒவ்வொரு சீன ஆண்மகன் தலையிலும் கட்டாயமாகத் தொங்கவிட்டிருந்த பின்னல் அது. மற்ற மாணவர்களோ அதை உச்சியில் சுருட்டி வைத்து, மேலே தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, ஆளுக்கொரு புஜி மலையாகச் செர்ரிப் பூ பார்க்கக் கிளம்பினார்களாம். மாலையில் நடனப் பயிற்சி வேறு. இந்தக் கூட்டத்தைக் கண்டு சலித்துத்தான், சீனர் இல்லாத பள்ளியாகத் தேடி அவர் வடக்கே ரயில் ஏறினார்.

சென்டாயில் அவருக்கு ராஜோபசாரம். சம்பளம் வாங்கவில்லை. சாப்பாட்டுக்கும் ஜாகைக்கும் பள்ளிக்காரர்கள் கவலைப்பட்டார்கள். தெற்கே சீந்துவாரில்லாத பொருள் வடக்கே போனால் மவுசு பெறுவது போலத்தான் இது என்று பின்னாளில் அவரே தம்மைக் கேலி செய்துகொண்டார். முதலில் தங்கிய இடம் சிறைச்சாலைக்குப் பக்கத்தில். கொசுத்தொல்லை. முகத்தைக்கூட மூடிக்கொண்டு, மூக்குத் துவாரத்தை மட்டும் வெளியே விட்டுத் தூங்கினார். ஆனால் சாப்பாடு மோசமில்லை. வந்தது வினை! அந்த விடுதிக்காரர் கைதிகளுக்கும் சாப்பாடு போடுகிறவர், கௌரவமான மாணவர் அங்கே தங்குவது தகாது என்று ஒரு பெரியவர் விடாமல் வற்புறுத்தினார். இவருக்கு அதில் ஆட்சேபமே இல்லை. என்றாலும் மனுஷரின் நல்லெண்ணத்தைத் தட்ட முடியாமல் ஜாகை மாறினார். புது இடத்தில் தினமும் சேப்பந்தண்டு சூப். தொண்டையில் இறங்காது. பிறர் காட்டும் அன்பில் இப்படியும் ஒரு ரகம் உண்டு.

இன்னொரு ரக அன்பைக் காட்டியவர்தான் உடற்கூறு ஆசிரியர் புஜினோ கென்குரோ. கறுத்து மெலிந்த உருவம், மீசை, மூக்குக் கண்ணாடி, ராகம் இழுத்துப் பேசும் பேச்சு. உடை விஷயத்தில் மகா அசிரத்தை. கழுத்துப் பட்டையை மறந்துவிட்டு வகுப்புக்கு வருவார். அவருடைய பழைய கோட்டைப் பார்த்து, ஆள் முடிச்சவிழ்க்கியோ என்று சந்தேகித்த ரயில் கண்டக்டர், பைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி பிரயாணிகளை எச்சரித்த கதை பள்ளி முழுவதும் உலவியது.

வகுப்புகள் தொடங்கிச் சில நாள் ஆனதும், எலும்புகளும் மண்டையோடுகளும் சூழ்ந்த தம்முடைய அறைக்கு அவர் சீன மாணவரைக் கூப்பிட்டனுப்பினார். பாடக் குறிப்பு எடுக்க முடிகிறதா என்று விசாரித்து, நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்த நோட்டைப் பிரித்தவர் திடுக்கிட்டுப் போனார். முதலிலிருந்து கடைசிவரை சிவப்பு மையில் திருத்தம். விட்டுப்போன பாடம் சேர்க்கப்பட்டிருந்தது. இலக்கணப் பிழைகூடத் தப்பவில்லை. அந்தப் பாடங்கள் முடியும்வரை வாரந்தோறும் இது நடந்தது.

ஒரு தடவை கையின் இரத்தக் குழாய்ப் படத்தைக் காட்டி, ஒரு குழாயை நீர் இடம் மாற்றிவிட்டீர், பார்வைக்கு லட்சணமாக இருக்கிறது, ஆனால் உள்ளதை உள்ளபடி போட வேண்டும் என்று புஜினோ மெதுவாகச் சொன்னார். மாணவர் தலையை ஆட்டிவிட்டு, படம் என்னமோ என்னுடையதுதான் நன்றாக இருக்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாராம். காலேஜில் இரண்டு வருஷம் தவளையின் இரத்தக் குழாய்களை வரைந்த ஞானம் எனக்கும் உண்டு. எழுத்தாளனாகப் போகிற கைக்குக் குழாயைக் கொஞ்சம் நகர்த்தத்தான் தோன்றும்.

புஜினோவின் கேள்விகள் சில சமயம் சங்கடப்படுத்தின. சீனப் பெண்கள் பாதம் கட்டுகிறார்களே, எலும்பு எப்படி வளைகிறது என்று கேட்பார். கேலியல்ல, எலும்பைப் பற்றிய ஆவல்தான். ஆனாலும் கேட்கப்படுகிறவருக்கு எப்படி இருந்திருக்கும்!

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் மாணவர் சங்கத்தார் சிலர் இவருடைய ஜாகைக்கு வந்து நோட்டுகளைப் புரட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் தபாலில் ஒரு தடித்த கடிதம் வந்தது. மனம் திரும்பு என்ற பொருளில் ஆரம்பம். உடற்கூறுப் பரீட்சைக் கேள்விகளைப் புஜினோ நோட்டில் குறியிட்டுக் காட்டிக்கொடுத்தார், அதனால்தான் நீ தேறினாய் என்பது குற்றச்சாட்டு. அதற்கு முன்பே, வகுப்புக் கூட்டத்துக்கு ஒருவர் விடாமல் வரவேண்டும் என்று பலகையில் எழுதிய அறிவிப்பில், ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் வட்டமிட்டிருந்தார்கள். விட்டுப் போவதற்கும் கசிந்து போவதற்கும் அந்த மொழியில் ஒரே எழுத்து. அந்தக் குத்தல் அவருக்குக் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. அவர் புஜினோவிடம் சொன்னார். சில நல்ல தோழர்கள் சேர்ந்து ஆட்சேபிக்கவே புரளி அடங்கியது.

அந்த வருஷத்து மதிப்பெண்கள் இன்றும் இருக்கின்றன. சராசரி 65.5. மொத்தம் 142 பேரில் 68-வது இடம். நீதி சாஸ்திரத்தில் 83. அறுபதைத் தொடாத பாடம் ஒன்றே ஒன்று: உடற்கூறு, 59.3! கேள்வி தெரிந்து எழுதியவன் வாங்குகிற மார்க்கா இது? சீனா பலவீனமான நாடு, ஆகையால் சீனன் மூடனாகத்தான் இருக்க வேண்டும், நடுவில் தேறினாலே சந்தேகம் வருவதில் என்ன ஆச்சரியம் என்று லூ சுன் பின்னால் எழுதினார். அந்தச் சிரிப்பில் இருபது வருஷத்துக் காயம் தெரிகிறது.

பிறகு அந்தப் பிரசித்தமான சம்பவம். கிருமி சாஸ்திர வகுப்பில் பாடம் சீக்கிரம் முடிந்தால், மீதி நேரத்துக்கு மாஜிக் லாந்தரில் ருஷ்ய–ஜப்பானிய யுத்தப் படங்களைக் காட்டுவார்கள். ஒரு படத்தில், ருஷ்யருக்கு ஒற்று வேலை செய்ததாகப் பிடிபட்ட சீனன் ஒருவனுக்கு ஜப்பானியர் மரண தண்டனை நிறைவேற்றுகிறார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் சீனர்களே. திடமான உடம்பு, உணர்ச்சியற்ற முகம். வகுப்பு கைதட்டி, "பான்ஸாய்!" என்று ஆர்ப்பரித்தது. ஒரு ஜனங்களின் உடம்பு எவ்வளவு திடமாயிருந்து என்ன, மனம் மரத்துக் கிடந்தால் வைத்தியத்தால் பயனில்லை. முதலில் மனத்தை மாற்ற வேண்டும், அதற்கு இலக்கியமே வழி என்று அன்று தீர்மானித்ததாக அவர் சொல்கிறார்.

இங்கே ஒரு சிக்கல். 1922-ல் எழுதிய முன்னுரையில் அந்தக் கைதியின் தலையை வெட்டப்போவதாகச் சொல்கிறார். 1926-ல் எழுதிய கட்டுரையில் சுடப்போவதாகச் சொல்கிறார். 1965-ல் அந்தப் பள்ளியின் வாரிசான டோஹொகு சர்வகலாசாலையில் பழைய யுத்தப் படங்கள் அகப்பட்டன. இருபதில் பதினைந்து. அவற்றில் இந்தப் படம் இல்லை. ஆகவே கதை கட்டிவிட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாளா துப்பாக்கியா என்பது மறந்திருக்கிறது. வேடிக்கை பார்த்த முகங்கள் இரண்டு தடவையும் மாறவில்லை. ஞாபகம் எதைப் பற்றிக்கொண்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? ஒன்று மட்டும் சொல்லலாம். படம் ஒன்றே அவரை விரட்டவில்லை. "மனம் திரும்பு" கடிதத்தைப் படித்த கண்தான் அந்தப் படத்தையும் பார்த்தது. இப்படி எண்ணிய ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

1906 மார்ச்சில் அவர் பள்ளியை விட்டார். விடை பெறப் போனபோது புஜினோவின் முகம் வாடிவிட்டது. அவரைத் தேற்றுவதற்காக, ஜீவசாஸ்திரம் படிக்கப் போகிறேன், நீங்கள் கற்பித்தது உதவும் என்று ஒரு பொய் சொன்னார் மாணவர். புஜினோ தம்முடைய புகைப்படத்தைக் கொடுத்தார். அதன் பின்புறம், பிரிவுக்கு வருந்துகிறேன் என்ற பொருள்பட இரண்டே எழுத்துகள். கடிதம் போடும்படி சொன்னார். சொல்லிக்கொள்ள நல்ல சேதி இல்லாததால் முதலில் எழுதவில்லை. நாளாக ஆக எழுதக் கை வரவில்லை. ஒரு வரிகூட எழுதாமலே போயிற்று.

ஆனால் அந்தப் படம் பீகிங்கில் அவருடைய மேஜைக்கு எதிரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரவில் களைத்துப்போய்ப் பேனாவைக் கீழே வைக்கத் தோன்றும்போது, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் எழுதுவாராம். ஜப்பானில் அவருடைய எழுத்துக்களிலிருந்து ஒரு தொகுதி போட முன்வந்தபோது, புஜினோவைப் பற்றிய கட்டுரை அதில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எங்கேயாவது இருந்தால் தகவல் வரட்டும் என்ற ஆசை. வரவில்லை. 1936 அக்டோபர் 19-ம் தேதி ஷாங்காயில் காலமானார்.

புஜினோ உயிரோடுதான் இருந்தார். சென்டாய்ப் பள்ளி சர்வகலாசாலையோடு இணைந்தபோது, புதிய உத்தியோகத்துக்கு வேண்டிய பட்டம் அவரிடம் இல்லை. சொந்த ஜில்லாவான புக்குயிக்குத் திரும்பிக் கிராம வைத்தியராகக் காலம் கழித்தார். 1945 ஆகஸ்டு 11-ம் தேதி, யுத்தம் முடிய நான்கு நாள் இருக்கையில், இறந்துபோனார். இடம் மாறும்போது பெட்டி உடைந்து தொலைந்துவிட்டதாக லூ சுன் வருந்திய அந்த நோட்டுகள், 1951-ல் ஷாவோசிங்கில் அகப்பட்டன. இப்போது பீகிங்கில் அவர் பெயரிலுள்ள காட்சிசாலையில் இருக்கின்றன.

புஜினோவுக்கு மாணவரின் பிற்கால வாழ்வு தெரியவந்தது வெகுகாலம் கழித்தே. 1937-ல், இரண்டு நாடுகளுக்கும் பெரும் போர் மூண்ட அதே வருஷத்தில், கிழவர் ஒரு சிறு நினைவுக் கட்டுரை எழுதினார். சிறு வயதில் ஓர் ஆசிரியரிடம் சீன இலக்கியம் பயின்றதால் அந்த தேசத்தாரை மதிக்க வேண்டும் என்று தோன்றியது, அதற்குமேல் தாம் ஒன்றும் செய்துவிடவில்லை என்கிறார். மாணவர் அவ்வளவு கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. தம் படத்தை அவர் சாகும்வரை வைத்திருந்தார் என்பது சந்தோஷந்தான். ஆனால் எப்போது கொடுத்தோம் என்றே ஞாபகமில்லை, ஒருவேளை தம் மனைவி எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்.