கொள்முதல் நிலையத்தில் முழு விலை பெற: டெல்டா நெல் விவசாயிகள் அறிய வேண்டியவை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அறுவடையாகும் நெல் பெருமளவில் போய்ச் சேரும் இடம் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அரசு அறிவிக்கும் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அடுத்தடுத்த வயலில் அறுத்த இருவரில் ஒருவர் அந்த விலையை முழுதாகப் பெறுகிறார். மற்றவர் நிலைய வாசலில் நாள் கணக்கில் காத்திருந்து, பாதி நெல்லை வியாபாரியிடம் தள்ளிவிட்டு வருகிறார். நிலையம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த இழப்பில் ஒரு பகுதியையாவது தவிர்க்கலாம்.

வாணிபக் கழகம் 1972-ல் தொடங்கப்பட்ட மாநில அரசு நிறுவனம். 2002 அக்டோபர் முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில், மத்திய அரசின் சார்பில் இதுவே நெல்லை வாங்கி, அரைத்து, ரேஷன் கடைக்கு அனுப்புகிறது. ஒரு குவிண்டால் நெல்லுக்குப் பச்சரிசியாக 67 கிலோ, புழுங்கல் அரிசியாக 68 கிலோ என்பது ஆலைகளுக்கான கணக்கு. நிலையத்தில் சாக்கு பிடிப்பவர், லாரி ஓட்டுநர், அரவை ஆலைத் தொழிலாளி, ரயில் வேகனில் மூட்டை ஏற்றுபவர் என ஒரு பருவத்து நெல்லைச் சுற்றிப் பல ஆயிரம் பேருக்குக் கூலி கிடைக்கிறது. தைக்குப் பிறகு கூட்டுறவு சங்கக் கடன் அடைவதும், உரக்கடை பாக்கி தீர்வதும் இந்தப் பணத்தில்தான். நிலையத்தில் ஒருமுறைகூட நெல் போடாத விவசாயிக்கும் இதனால் பயன் உண்டு. நிலையம் திறந்திருக்கும் ஊரில் வியாபாரி அடிமட்ட விலை கேட்க முடியாது.

விலையும் ரகமும்

2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் ரூ.2,369, சன்ன ரகம் ரூ.2,389. இதனுடன் மாநில அரசு ஊக்கத்தொகையாக முறையே ரூ.131, ரூ.156 சேர்த்து, 2025 செப்டம்பர் 1 முதல் ரூ.2,500, ரூ.2,545 என்று வழங்குகிறது. நிலையத்தின் 40 கிலோ சிப்பத்துக்கு ரூ.1,000, ரூ.1,018. நம் ஊர் வழக்கப்படி 60 கிலோ மூட்டைக்குச் சொன்னால் ரூ.1,500, ரூ.1,527.

அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.5-ம் அதற்கு மேலும் வருவது சன்ன ரகம். ஆடுதுறை 37, சி.ஆர். 1009 போன்ற குண்டு நெல் பொது ரகத்தில் வரும். ஏக்கருக்கு 30 மூட்டை கண்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 810 ரூபாய்தான். அதற்காக மட்டும் ரகத்தை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் வயலுக்கும் வடிகாலுக்கும் எது ஒத்துவருகிறதோ அதையே பயிரிடுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே குவியலில் கொட்டாதீர்கள். சன்ன ரகத்தில் கீழ் ரகக் கலப்பு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஈர நெல்லை விற்கலாமா, காயவைக்கலாமா?

அனுமதிக்கப்பட்ட ஈரப்பதம் 17 சதவீதம். இயந்திரத்தில் அறுத்த நெல் 20 முதல் 25 சதவீதம் வரை ஈரத்தோடு வருகிறது. வயலோரமே வந்து நிற்கும் வியாபாரி, “அப்படியே எடுத்துக்கொள்கிறேன்” என்பார். அவர் சொல்லும் விலை சரியா என்று இப்படிக் கணக்கிடுங்கள்.

22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் 94 கிலோ நிற்கும். அந்த 94 கிலோவுக்கு நிலையத்தில் பொது ரகமானால் ரூ.2,350, சன்ன ரகமானால் சுமார் ரூ.2,390. அதாவது ஈர நெல்லுக்கு 60 கிலோ மூட்டை ரூ.1,410 அல்லது ரூ.1,435 கிடைத்தால் அது நிலையத்து விலைக்குச் சமம். ஈரம் 25 சதவீதமானால் 100 கிலோ 90 கிலோவாகும். பொது ரகத்துக்குச் சமமான விலை மூட்டைக்குச் சுமார் ரூ.1,355. இதிலிருந்து களத்துக் கூலி, படுதா வாடகை, வண்டிச் செலவு ஆகியவற்றைக் கழியுங்கள். வியாபாரியின் விலை அதற்கும் கீழே 100, 150 ரூபாய் இருந்தால் காயவைப்பதே லாபம். வானம் கறுத்திருந்து, மூடப் படுதாவும் இல்லையென்றால் கணக்கு வேறு. அன்று வியாபாரியிடம் கொடுப்பதில் தவறில்லை. சம்பாவில் பி.பி.டி. போன்ற ரகங்களுக்கு வெளிச்சந்தையில் கூடுதல் விலை கிடைக்கும் ஆண்டுகளும் உண்டு.

பல்லில் கடித்துப் பார்ப்பது நம் பெரியவர்களின் சோதனை. காய்ந்ததா இல்லையா என்று அது சொல்லும். 17-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாது. நான்கைந்து பேர் சேர்ந்தோ உழவர் உற்பத்தியாளர் குழு மூலமாகவோ ஓர் ஈரப்பதமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குவியலின் மேல்பகுதியில் மட்டும் எடுத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்; நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுத்துக் கலந்து பாருங்கள்.

அறுவடைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். களத்தில் நெல்லை இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமனாகப் பரப்பாமல், அரை மணிக்கு ஒருமுறை கிளறுங்கள். மாலையில் குவித்து மூடாவிட்டால் பனியில் நெல் மீண்டும் ஈரம் வாங்கும். கருக்காயும் தூசியும் தலா 1 சதவீதத்துக்குள், முதிராத சுருங்கிய மணிகள் 3 சதவீதத்துக்குள், முளைத்ததும் நிறம் மாறியதும் வண்டு அரித்ததும் சேர்ந்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அறுவடை இயந்திரத்தின் காற்றாடி வேகத்தைச் சரியாக வைக்கச் சொன்னாலே கருக்காய் பாதி போய்விடும்.

ஏன் நிலையத்தில் நெல் தேங்குகிறது?

ஓர் இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் அறுக்கிறது. இரண்டு இயந்திரங்கள் பத்து மணி நேரம் ஓடினால் 20 ஏக்கர், சுமார் 36 டன், 900 சிப்பம். ஒரு நிலையத்தின் ஒரு நாள் வேலை இதிலேயே முடிந்துவிடும். ஆனால் ஒரே வாரத்தில் ஒரு வட்டாரத்தில் பத்து இயந்திரங்கள் ஓடுகின்றன. ஆள் வைத்து அறுத்த காலத்தில் வாரக்கணக்கில் பிரிந்து வந்த நெல் இப்போது மூன்று நாளில் வாசலுக்கு வந்துவிடுகிறது. 2025 குறுவையில் அக்டோபர் மழையின்போது நிலையங்களின் முன்பு குவியல்கள் நனைந்து முளைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், பிடித்த மூட்டை நகராமல் கிடப்பது. லாரி வந்து திறந்தவெளி சேமிப்பு மையத்துக்கோ ஆலைக்கோ எடுத்துப் போகாவிட்டால் எடை போட இடம் இருக்காது. எனவே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். எத்தனை அட்டி நிற்கிறது, சாக்கு இருப்பு உண்டா, கடைசியாக லாரி வந்தது எப்போது, உங்களுக்கு முன் எத்தனை குவியல் என்று பாருங்கள். பயிர் தாங்கும் என்றால் நான்கு நாள் கழித்து அறுப்பது, வாசலில் எட்டு நாள் கிடப்பதைவிட நல்லது. முற்றிச் சாய்ந்துவிட்ட பயிருக்கு இது பொருந்தாது.

பதிவும் எடையும்

சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் ஆன்லைன் பதிவை அறுவடைக்கு முன்பே முடித்துவிடுங்கள். கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்குச் செய்பவர்கள் சாகுபடிச் சான்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே பெற வேண்டும். சான்று இல்லாமல் வேறொருவர் பெயரில் நெல் போட்டால் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும். பிறகு வாங்குவது அவர் மனதைப் பொறுத்தது.

சாக்கு எடையோடு சேர்த்து ஒரு சிப்பம் 40.580 கிலோ. அதற்கு மேல் வைத்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள். சுமைக்கூலி தர வேண்டியது கழகம், விவசாயி அல்ல. சிப்பத்துக்கு இவ்வளவு என்று பணம் கேட்கப்படுவதாகப் புகார்கள் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. வரிசையில் நிற்கும் தனி ஆளால் இதை எதிர்ப்பது கடினம். ஊர் விவசாயிகள் சேர்ந்து மண்டல மேலாளரிடமோ, ஆட்சியர் நடத்தும் மாதாந்திரக் குறைதீர்க் கூட்டத்திலோ எழுத்தில் கொடுங்கள்; மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது உண்டு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரையும், 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரையும் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் மாநில அரசு கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, உத்தரவு வருவதற்குள் ஈர நெல் சூடேறி முளைத்துவிடும். தளர்வை எதிர்பார்த்து நெல்லை ஈரமாகக் குவிக்காதீர்கள். காத்திருக்க நேர்ந்தால் மேடான இடத்தில், அடியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் படுதா விரித்துக் குவியுங்கள். மழை விட்டதும் மேல் படுதாவை விலக்கி ஆவி போகவிடுங்கள்.