ஊமை எருது

மனிதரை விலங்கின் பெயரால் அழைத்து நகையாடுவது எந்நாட்டாருக்கும் பழகிய வழக்கம். மந்தமானவனை நாம் 'எருமை' என்போம். சொற்பேச்சுக் கேளாதவனைக் 'கழுதை' என்போம். திருச்சபை வரலாற்றிலும் இத்தகைய பட்டப்பெயர்கள் உண்டு.

புனித சாமிநாதர் சபையாரின் இலத்தீன் பெயரைப் பிரித்து, 'தோமினி கானெஸ்', அதாவது 'ஆண்டவரின் நாய்கள்' என்று சிலேடையாகக் கூறுவர். சபையார் அதை இழிவாகக் கொள்ளவில்லை. பிளாரன்ஸ் நகரில் சாந்தா மரியா நொவெல்லா மடத்துச் சுவரில் 14ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட ஓவியத்தில், மந்தையைக் காத்து ஓநாய்களை விரட்டும் கருப்பு வெள்ளை நாய்களைக் காண்கிறோம். கருப்பும் வெள்ளையும் அவர்தம் துறவுடையின் நிறங்கள் அல்லவா?

அச்சபை இளைஞர் ஒருவர் 1248ஆம் ஆண்டளவில் கொலோன் நகரில் பயின்றார். பருத்த உடல், அதிகம் பேசாத இயல்பு. உடன் பயின்றோர் அவரை 'ஊமை எருது' என்றனர். ஆசிரியரான பெரிய ஆல்பர்ட்டோ அவரது அறிவுத்திறனைக் கண்டு, இவ்வெருதின் முழக்கம் ஒருநாள் உலகெங்கும் ஒலிக்கும் என்னும் கருத்துப்பட மொழிந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவ்விளைஞரே புனித தாமஸ் அக்குவினாஸ். 1323இல் புனிதராகவும், 1567இல் மறைவல்லுநராகவும் திருச்சபை அவரை அறிவித்தது.

கேலி செய்தோரின் சொல்லையே எடுத்து ஆல்பர்ட் தம் மாணவரை உயர்த்தினார். நம் இல்லங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் வாய் திறவாது ஓரமாய் அமர்ந்திருக்கும் பிள்ளையை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? நாம் சிரித்து மறந்துவிடுவோம். அப்பெயரைச் சுமந்து வளர்வது அப்பிள்ளையே. பெயர் சூட்டுமுன் சற்று உற்றுநோக்குவோம்.