போயிங் ஏன் ஊர் மாறியது?



போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம். கம்பெனிகள் தங்கள் தலைமை அலுவலகத்தை ஏன் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றுகின்றன என்பதுதான் தலைப்பு. பி.காம். மாணவர்களிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? "வரி!" என்று பத்துப் பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன். மூன்று வருடமாக வரிச் சட்டம் படிக்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? :-)

விவாதத்தில் எங்கள் அணிதான் ஜெயித்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒப்பவில்லை. பொதுவாகப் பேசுவதை விட்டுவிட்டு ஒரே ஒரு கம்பெனியின் கதையை முழுசாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது போயிங். 21 வருடத்தில் இரண்டு முறை தலைமையகத்தை மாற்றிய அமெரிக்க விமானக் கம்பெனி. படிக்கப் படிக்க என் "வரி" பதில் ஆட்டம் கண்டுவிட்டது.

மர வியாபாரியான வில்லியம் போயிங் 1916ல் சியாட்டில் நகரில் தொடங்கிய கம்பெனி இது. சியாட்டில் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். (தலைநகர் வாஷிங்டன் வேறு. அது கிழக்குக் கரையோரம், இது மேற்குக் கரையோரம்.) ஊரும் கம்பெனியும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. 1960களின் பிற்பகுதியில் அந்த வட்டாரத்தில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் போயிங்கில் வேலை பார்த்தார்கள். ஆர்டர்கள் குறைந்து 1971ல் அது 40,000க்கும் கீழே போனது. ஊரை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று யாரோ சாலையோரம் விளம்பரப் பலகையே வைத்தார்கள். அந்தக் கஷ்டத்திலும் கம்பெனி ஊரை விட்டுப் போகவில்லை.

30 வருடம் கழித்து, நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் போனது. 2001 மார்ச் 21 அன்று, தலைமையகத்தை சியாட்டிலிலிருந்து மாற்றப் போவதாகத் தலைவர் பில் காண்டிட் அறிவித்தார். டென்வர், டல்லாஸ், சிகாகோ என மூன்று நகரங்கள் போட்டியில் இருந்தன. மே 10 அன்று சிகாகோ என்று முடிவு தெரிந்தது. சியாட்டிலிலிருந்து சுமார் 2,800 கிலோமீட்டர் தூரம். அங்கே போனவர்கள் சுமார் 500 பேர். தொழிற்சாலைகளும் பொறியாளர்களும் சியாட்டில் பக்கமே இருந்தார்கள்.

இப்போது நம்ம "வரி" பதிலை இதில் வைத்துப் பார்ப்போம்.

வாஷிங்டன் மாநிலத்தில் அப்போது கம்பெனிகளுக்கு வருமான வரியே கிடையாது. மொத்த விற்பனை வருவாயின் மேல் வேறு ஒரு வரி உண்டு, அவ்வளவுதான். தனிநபர் வருமான வரியும் இல்லை. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் இரண்டும் உண்டு! தனிநபர் வருமான வரி இல்லாத டெக்சாஸில் இருக்கும் டல்லாஸை விட்டுவிட்டு சிகாகோவுக்குப் போனார்கள். வரிக்கு பயந்து ஓடுகிறவன் வரி இருக்கிற ஊருக்கா ஓடுவான்?

இன்னொன்று. பல மாநிலங்களில் தொழில் செய்யும் கம்பெனியின் லாபத்தை, எந்த மாநிலத்தில் எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்பதை வைத்துப் பிரித்துத்தான் அமெரிக்க மாநிலங்கள் வரி போடுகின்றன. தலைமையகத்தை மாற்றினால் மொத்த வரியும் கூடவே நகராது.

"சரி, சலுகை கொடுத்திருப்பார்களே?" என்றான் என் நண்பன். கொடுத்தார்கள். இல்லினாய் மாநிலமும் சிகாகோ நகரமும் சேர்ந்து 20 வருடத்துக்குச் சுமார் 6 கோடி டாலர். பெரிய தொகையாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு 30 லட்சம் டாலர். 2000ஆம் ஆண்டு போயிங்கின் விற்பனை வருவாய் சுமார் 5,130 கோடி டாலர். அதாவது பத்தாயிரம் ரூபாய் விற்பனைக்கு அறுபது பைசாகூடத் தேறாது. அறுபது பைசாவுக்காக யாரும் 85 வருட வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். தலைமையகம் வேறு, சட்டப்படி கம்பெனி பதிவாகியிருக்கும் மாநிலம் வேறு. போயிங் 1934லிருந்து டெலவேர் மாநிலத்தில் பதிவான கம்பெனி. இரண்டு முறை தலைமையகம் மாறியபோதும் அந்தப் பதிவு அசையவில்லை. டெஸ்லா 2021ல் தலைமையகத்தை கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு மாற்றியது. அதன் பதிவு டெலவேரிலிருந்து டெக்சாஸுக்கு மாறியது 2024ல்தான். இரண்டும் தனித்தனி முடிவுகள், காரணங்களும் தனித்தனி. விவாதத்தில் நாங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் போயிங் ஏன் போனது? காண்டிட் சொன்ன காரணத்தையே கேட்போம். 1997ல் மெக்டோனல் டக்ளஸ் கம்பெனி போயிங்கோடு இணைந்தது. போர் விமானம், ராக்கெட், செயற்கைக்கோள் எனப் பல தொழில்கள் மிசௌரி, கலிபோர்னியா என்று பல மாநிலங்களில் பரவிவிட்டன. தலைமையகம் ஒரு தொழிற்சாலையின் பக்கத்திலேயே இருந்தால் அதன் அன்றாட வேலைகளில் தானாகவே இழுக்கப்படும். எல்லாத் தொழிலையும் சமமாகப் பார்க்க வேண்டுமானால் தள்ளி இருக்க வேண்டும். இதுதான் அவர் வாதம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நிர்வாகவியல் பாடத்தில் இதை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு வருடம் முன்பு, 2000 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், சியாட்டில் பகுதியின் போயிங் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் 40 நாள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் இல்லை, விமானத்தை வரைந்து வடிவமைக்கிறவர்களே மறியலுக்கு வந்தார்கள். அதனால்தான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "அன்றாட வேலைகளில் இழுக்கப்படாமல்" இருப்பது என்றால், அந்த வேலையைச் செய்கிறவர்கள் வந்து கதவைத் தட்ட முடியாத தூரத்தில் இருப்பதும்தானே?

அந்தத் தூரத்துக்கு என்ன விலை? 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்தன. 346 பேர் இறந்தார்கள். அந்த விமானம் தயாரானது சியாட்டிலை ஒட்டிய ரென்டனில். செலவையும் காலக்கெடுவையும் காட்டிக் கொடுக்கப்பட்ட அழுத்தத்தை அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2020ல் வெளியிட்ட அறிக்கையில் கண்டித்தது. தலைமையகம் சியாட்டிலிலேயே இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. தொழிற்சாலைக்குத் தொலைவில் தலைமையகம் வைத்து ஒழுங்காக நடக்கும் கம்பெனிகளும் உண்டு. ஆனால் பொறியாளர் சொல்வது மேலிடத்தின் காதில் விழவில்லை என்ற புகார் வந்தபோது, எல்லோரும் முதலில் சுட்டிக்காட்டியது அந்த 2,800 கிலோமீட்டரைத்தான்.

2022 மே மாதம் போயிங் மறுபடியும் மாறியது. இந்த முறை வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனுக்கு. அங்கே என்ன இருக்கிறது? பென்டகன், அமெரிக்க ராணுவத் தலைமையகம். ஆற்றைத் தாண்டினால் நாடாளுமன்றம். நார்த்ராப் குரம்மன் 2011லேயே கலிபோர்னியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்துவிட்டது. ரேதியான் 2022ல் ஆர்லிங்டனுக்கே வந்தது. எல்லாம் ராணுவத்துக்கு விற்கிற கம்பெனிகள். வாங்குகிறவன் வீட்டுப் பக்கத்தில் கடை போடுகிறார்கள், அவ்வளவுதான்!

வரிச்சலுகை என்ற ஆயுதம் உண்மையில் எங்கே பயன்பட்டது தெரியுமா? தொழிற்சாலை விஷயத்தில். 787 விமானத்தைத் தன்னிடமே தயாரிக்க வேண்டும் என்று 2003ல் வாஷிங்டன் மாநிலம் 20 வருடத்துக்குச் சுமார் 320 கோடி டாலர் வரிச்சலுகை கொடுத்தது. தலைமையகத்துக்கு 6 கோடி, தொழிற்சாலைக்கு 320 கோடி! அப்படியும் 2009ல் இரண்டாவது 787 தொழிற்சாலை தென் கரோலினாவுக்குப் போனது. பிறகு 787 தயாரிப்பு முழுவதுமே அங்கே போய்விட்டது.

ஆக எனக்குப் புரிந்தது இதுதான். தொழிற்சாலை நகர்ந்தால் செலவுக் கணக்கைப் பாருங்கள். தலைமையகம் நகர்ந்தால், அது யார் பக்கத்தில் போய் உட்காருகிறது, யாரை விட்டு விலகுகிறது என்று பாருங்கள். சிகாகோவுக்குப் போனபோது போயிங் தன் பொறியாளர்களை விட்டு விலகியது. ஆர்லிங்டனுக்குப் போனபோது அரசாங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தது.

கதையில் ஒரு திருப்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் நடுவானில் ஒரு 737 மேக்ஸின் கதவு அடைப்புப் பிய்ந்து விழுந்தது. அந்த ஆகஸ்டில் புதிய தலைவராக வந்த கெல்லி ஆர்ட்பெர்க், தலைமையகத்தை ஆர்லிங்டனிலேயே விட்டுவிட்டு, தான் மட்டும் சியாட்டிலில் இருந்து வேலை பார்க்கப் போவதாகச் சொன்னார். விமானம் தயாராகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். 23 வருடம் முன்பு காண்டிட் எதற்காக விலகிப் போனாரோ, அதற்காகவே இவர் திரும்பி வந்தார்.

விவாதத்தில் நாங்கள் ஜெயித்தது தப்புதான் நண்பர்களே. அடுத்த வாரம் எதிரணியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு டீ செலவு நிச்சயம்!